வடக்குச் சுவரோர பெஞ்சு

விரல் முட்டியால் சுவரைத் தட்டிவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்கிறாள் எர்லிண்டா. தான் ஓட்டும் பள்ளிப் பேருந்திலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தியதும் தினமும் இதுதான் வேலை. 'டக்' என்றால் உள்ளே மண் கெட்டியாக இருக்கிறது. 'தொப்' என்றால் ஊறிப்போய்விட்டது. தட்டித் தட்டி அவள் முட்டியில் காய்ப்பு ஏறியிருக்கிறது.

எங்கள் நியூ மெக்சிகோ மலையூரில் இருநூறு வருடமாக நிற்கும் மாதா கோயில் அது. சுடாத மண்கல் சுவர். முன்பெல்லாம் வருடம் தவறாமல் பெண்கள் கூடி வைக்கோல் கலந்த சேற்றைப் பூசுவோம். முப்பது வருடத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "வருஷா வருஷம் சேத்துல நின்னு எங்க இடுப்பு ஒடியுது. ஒரே தடவையா சிமென்ட்டப் பூசித் தொலைங்க!" என்று கத்தியவள் இதே எர்லிண்டாதான். நான் கைதட்டினேன். அப்படிப் பூசிய சிமென்ட்டுக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரை உள்ளேயே கரைத்துக்கொண்டிருக்கிறது.

சிமென்ட்டை உடைத்து மறுபடி மண் பூசும்வரை கோயிலைப் பூட்டச் சொல்கிறாள். சாவி வைத்திருக்கும் அவள் கொழுந்தன் ஒனேசிமோ, மே மாதத் திருவிழா முடியட்டும் என்கிறார். இப்போது மார்ச். கூரையில் பனி உருகிச் சுவருக்குள் இறங்குகிறது.

வடக்குச் சுவரை ஒட்டிய முதல் பெஞ்சில் ஞாயிறு பூசைக்கு யாரையும் அவள் உட்காரவிடுவதில்லை. பேருந்தில் பிள்ளைகள் மறந்துபோன கோட்டுகளை அதில் பரப்பிவிடுவாள். கேட்டால் முறைப்பாள். நான் அவளுக்காக ஒனேசிமோவிடம் பேசாமல் வாசலோரம் மாறிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவர் விழுந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

போன ஞாயிறு ஒனேசிமோ பேத்தியோடு வந்து வழக்கம்போல் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணி, கோட்டெல்லாம் பூசை பாக்க வந்திருக்கா? பாவமன்னிப்பும் கேக்குமோ?"

"பாவம் பண்ணவ நான். கேக்க வேண்டியதும் நான்தான். சிரிச்சது போதும், உன் பக்கத்துச் சுவர நீயே தட்டிப் பாரு."

சிரித்துக்கொண்டே தட்டினார். தொப். கொஞ்சம் மேலே தட்டினார். தொப். பேத்தியின் மடியில் மண் உதிர்ந்தது.

"போன வாரம் நல்லாத்தான இருந்துச்சு, அண்ணி?" அவர் எழுந்து விலகினார்.

"நேத்துக்கூட நல்லாத்தான்டா இருந்துச்சு."

பூசை மணி அடித்தது. எர்லிண்டா குழந்தையின் கையைப் பிடித்து வாசல் பக்கம், என்னிடம் அனுப்பினாள். முதல் பெஞ்சோடு கோட்டுகள் தீர்ந்துபோயிருந்தன. அந்தக் குளிரில் தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி, இரண்டாவது பெஞ்சின் மேல் விரித்தாள்.