பிரஸ்டன் அண்ணையின் பெயர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது அண்ணையின் மகள் ரூபி அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். கையில் இருந்த முருங்கைக்காயை எங்கே வைத்தேனோ தெரியாது. மோர்டனில் அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் அவர் பிரஸ்டன் அண்ணை. அந்தப் பெயரோடு அவர் பட்ட பாடு ஒன்றிரண்டு பேருக்குத்தான் தெரியும்.

முழுப்பெயர் டானியல் பிரஸ்டன். முகமோ அசல் யாழ்ப்பாணத்து முகம். பரம்பரையில் ஓர் அமெரிக்கர் இருந்தார் என்று வீட்டில் சொல்லியே வளர்த்திருந்தார்கள். "எங்கட ரத்தத்திலை அமெரிக்கா இருக்கு, தம்பி" என்பார். "அப்ப ஏனண்ணை விசாவுக்கு லைனிலை நிண்டனீங்கள்?" என்று சீண்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஓய்வு பெற்றதும் அந்த முன்னோரைத் தேடத் தொடங்கினார். டி.என்.ஏ. பரிசோதனை செய்தார், அமெரிக்கா மருந்துக்கும் இல்லை. பிறகு இணையத்தில் அங்குள்ள பிரஸ்டன் குடும்பத்து அம்மா ஒருவரைக் கண்டுபிடித்தார். வீடியோவில் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணை தேடிய பிரஸ்டன் கடல் தாண்டியதே இல்லையாம். அங்கிருந்தே காசு அனுப்பி, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பள்ளியில் ஓர் ஏழைப் பிள்ளையைப் படிப்பித்தவர். காசு அனுப்புகிறவரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது அன்றைய வழக்கம். அந்தப் பிள்ளைதான் அண்ணையின் பூட்டன். "அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை, அவர் பெயர் உங்கள் வீட்டில்தான் மிஞ்சியிருக்கிறது" என்று அந்த அம்மா கண்கலங்கினார்.

காசோடு வந்த அந்தப் பெயர் வேண்டாம், மாற்றப் போகிறேன் என்று சொல்லி அண்ணை என்னையும் சட்டத்தரணியிடம் கூட்டிப்போனார். புதுப் பெயர் என்ன என்று சட்டத்தரணி கேட்டார். அண்ணை பேனையைப் பிடித்தபடியே இருந்தார். பள்ளியில் சேருமுன் பூட்டனுக்கு என்ன பெயர் என்று தெரிந்தவர் எவரும் உயிரோடு இல்லை. திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "திரும்பிப் போக ஒரு பேர் வேணுமே, தம்பி. இதுக்குள்ளை இருக்கவும் ஏலாது, வெளியிலை வரவும் ஏலாது." எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு அதைப்பற்றி ஆஸ்பத்திரியில்தான் பேசினார். "அந்தப் பொடியனை அவன்ர தாய் என்னெண்டு கூப்பிட்டிருப்பா?" என்று கேட்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

குழியில் மண் போடும்போது நீங்கள் எல்லோரும் "பிரஸ்டன் அண்ணை" என்று அழுதீர்கள். நானும் அப்படித்தான் அழுதேன். வேறு எந்தப் பெயரைச் சொல்லி அழுவது?