சாக்குருவிப் பெட்டி

மார்ச் ஏழாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. கோல சிலாங்கூரில் நான் தங்கியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் யாரோ உப்பையும் காய்ந்த மிளகாயையும் நெருப்பில் போட்டிருக்க வேண்டும். அந்த நெடியில், இடிக்கப்பட்டுச் செம்பனைக் காடாகிவிட்ட தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடான எங்கள் வீடு எழுந்து நின்றது.

லயத்துக்குப் பின்னால், எலிகளைத் தின்னும் ஆந்தைகள் தங்குவதற்காகத் தோட்ட நிர்வாகம் உயரமான கம்பத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தது. அதிலிருந்த வெள்ளைமுக ஆந்தையை எல்லாரும் சாக்குருவி என்றார்கள்; அது கத்தினால் சாவு வரும் என்று பயந்தார்கள். அந்தியில் அது கத்தும்போதெல்லாம் அதை விரட்ட அம்மா அடுப்பில் உப்பும் மிளகாயும் போடுவார். ஈரல் நோயில் படுத்திருந்த அப்பா இருமிக்கொண்டே சிரிப்பார்.

"எலியக் கூப்பிடுதுடி, என்னைய இல்ல."

"சும்மா இருங்க லா!" அம்மாவின் குரல் உடைந்துவிடும்.

கடைசியில் அம்மா தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கெஞ்சிப் பெட்டியை இறக்கவைத்தார். அதன்பின், அம்மா வேலைக்குப் போனதும் அப்பா என்னிடம் கேட்பார்: "பாப்பா, அது வரலையா? வலியில நான் முழிச்சிக் கெடக்கறப்ப அதுதான் தொணையா இருந்துச்சு."

லயமே சபித்த பறவை, தன்னைப் பற்றி எதையும் விளக்காமல் அவரோடு விழித்திருந்திருக்கிறது. அது இல்லாத நிசப்தத்தில்தான் அப்பா இறந்தார்.

மறுநாள் காலை பேருந்தேறி, தஞ்சோங் காராங்கில் இருக்கும் அம்மாவிடம் போனேன். பேச்சு அப்பாவிடம் வந்து நின்றது.

"அந்தப் பொட்டிய எறக்கினதாலதான் தீபாவளி வரைக்கும் இருந்தாரு, இல்ல பாப்பா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன். பிறகு, வெகுநேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.