கொசு என்று எழுதியது நான்தான்

விடுகதைக்கு விடை சொல்கிறவர்களை ஊர் மெச்சும்; விடுகதையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களுக்குக் கழுத்துவலிதான் மிச்சம். நான் இரண்டாவது ரகம். கணவரோடு வந்து இருக்கலாம், வேலை பார்க்கக்கூடாது என்கிற ஹெச்-4 விசாவில் அமெரிக்கா வந்து இறங்கி, எம்.எஸ்ஸி. சான்றிதழைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, டேகேர் வாசலில் நின்றே வருஷங்களை ஓட்டிய சகோதரிகளே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

விலங்கியல் படித்ததன் பயன்

கிரீன் கார்டு வரிசை திடீரென்று நகர்ந்து, எனக்கும் வேலை பார்க்கும் அனுமதி கைக்கு வந்த 2007-ஆம் வருஷம். வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கல்லூரி ஒன்றில், விலங்குகள் பற்றிய அட்டவணை தயாரிக்க உதவியாளர் தேவை என்று அறிவிப்பு. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, விலங்கியலில் முதல் வகுப்பு. தவளையை அறுக்கச் சொல்வார்கள் என்று நினைத்து, நகத்தையெல்லாம் வெட்டிக்கொண்டு போனேன்.

அங்கே தவளையும் இல்லை, எலியும் இல்லை. மார்கரெட் என்று எழுபது வயதுப் பேராசிரியர் ஒருவர் இருந்தார்; எட்டு மரப்பெட்டிகள் நிறைய அட்டைகள் இருந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத் துறவிகளும் அரண்மனை அதிகாரிகளும் பொழுதுபோகாமல் எழுதிவைத்த விடுகதைகளில், ஆமை, எறும்பு, மீன், தேள் என்று உயிரினங்கள் வருவதையெல்லாம் முப்பது வருஷமாக அந்த அட்டைகளில் எழுதிச் சேர்த்துவைத்திருந்தார். பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. என்ன விலங்கு, எத்தனை கால், என்ன பேசுகிறது, விடை என்ன என்று கட்டம் கட்டமாக நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆறு மாதத்துக்குத்தான் வேலை. அவருக்குப் பிடித்திருந்தால் நீட்டிப்பார்.

அந்த நீட்டிப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழு வருஷத்தில், இன்னாருடைய மனைவி என்றோ இன்னாருடைய அம்மா என்றோ போடாமல் என் பெயரை மட்டும் போட்டு எனக்குக் கிடைத்த முதல் அடையாள அட்டை அது. பின்னால் தெரியவந்து அதைப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், எனக்குக் கிரேக்கம் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்று முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பேராசிரியர் சொன்னது:

"அதனால்தான் உன்னை எடுக்கிறேன். கிரேக்கம் தெரிந்த எல்லோரும் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்."

எந்த டொமைன்?

அந்த வாரமே தோழி வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. நான் தயிர்சாதத்தை வைப்பதற்குள் விஷயம் பரவிவிட்டது. அங்கே எல்லோரும் ஐ.டி.க்காரர்கள்; பேங்கிங்கா, ஹெல்த்கேரா, எந்த டொமைன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விடுகதை என்றேன். தோழியின் கணவர் சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஒருத்தன் ஒன்றைப் பெயர் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்வான், அது என்ன என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், சில சமயம் எழுதினவனுக்கே தெரிந்ததா என்று சந்தேகமாக இருக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"அட, நம்ம க்ளையன்ட் ரிக்வயர்மென்ட் மாதிரியேதான் இருக்கு சிஸ்டர்."

இருமல்

பேராசிரியர் தன்னை மார்கரெட் என்றே கூப்பிடச் சொன்னார். எழுபது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. மேடம் என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆன்ட்டி என்றால் வேலையே போய்விடும். அதனால் நம் ஊர் வழியைக் கடைப்பிடித்தேன். ஏதாவது கேட்க வேண்டுமானால் அவர் அறை வாசலில் போய் நின்று, லேசாக இருமுவேன். அவர் நிமிர்வார், கேட்பேன். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் நான் இருமியதும் அவர் நிமிராமலே சொன்னார்:

"உனக்கு மருந்து வாங்கி உன் மேஜைமேல் வைத்திருக்கிறேன். தேன் கலந்தது."

மாட்டிலிருந்து தேனீ

ஒரு விடுகதையில், கொம்புள்ளவன் செத்தான், அவன் வயிற்றிலிருந்து இறக்கையுள்ள பிள்ளைகள் பிறந்தார்கள் என்று வந்தது. விடை தேனீ. செத்த மாட்டிலிருந்து தேனீ பிறக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கினவள் சும்மா இருப்பாளா? இருமாமலே உள்ளே போய், முட்டை, புழு, கூட்டுப்புழு என்று தேனீயின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து காட்டினேன்.

பேராசிரியர் படத்தை வாங்கி ரசித்துப் பார்த்தார். நன்றாக வரைகிறாய் என்றார். பிறகு சொன்னார்:

"ஆனால் இதை எழுதியவன் உன்னிடம் படிக்கவில்லையே, வசந்தி."

அட்டெண்ட் பண்ணு

இனிமேல்தான் என் குட்டு. அட்டைகளில் சிலவற்றுக்கு விடைக் கட்டம் காலியாக இருந்தது. ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து நமக்கெல்லாம் ஒரே உபதேசம்தானே: தெரியாவிட்டாலும் சும்மா வராதே, எதையாவது எழுதிவிட்டு வா, அட்டெண்ட் பண்ணியிருந்தாலே ரெண்டு மார்க் போடுவார்கள். பேராசிரியர் வயதானவர், மறந்திருப்பார், பாவம் என்று நானே நிரப்ப ஆரம்பித்தேன். ராஜாவின் மடியிலும் கேட்காமல் ஏறுவான், அவனைப் பிடிக்க அரண்மனையே கைதட்டும் என்றால் கொசு இல்லாமல் வேறென்ன? சுவரில் நடப்பவன், வாலை விட்டுவிட்டு ஓடுபவன் பல்லி. ஒரு கட்டம் விடாமல் முப்பத்தேழு எழுதினேன். கம்ப்யூட்டரும் அட்டையும் ஒத்துப்போக வேண்டாமா? அட்டையிலும், பேராசிரியரின் எழுத்தைப் போலவே ஆங்கிலப் பெரிய எழுத்தில், மையால் எழுதிவைத்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பிடிபடாத ஒன்றிரண்டை வீட்டில் மகளிடம் போட்டேன். அவளுக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பாலில் போட்ட சீரியலைக் கிண்டிக்கொண்டே யோசித்தவள் கேட்டாள்:

"அம்மா, வாட் இஃப் நோபடி நோஸ்?"

பூஜ்யம்

ஐந்தாவது மாதம் பேராசிரியர் உற்சாகமாக வந்தார். புத்தகத்தின் முக்கிய அத்தியாயத்தை ஆரம்பிக்கப் போகிறாராம், விடை கிடைக்காத விடுகதைகளை மட்டும் அச்செடுத்துத் தரச் சொன்னார். தேடினேன். திரையில் பூஜ்யம் என்று வந்தது. மறுபடி தேடினேன், மறுபடியும் பூஜ்யம். அவர் கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எதையும் மறக்கவில்லை. அந்தக் காலிக் கட்டங்களுக்காகத்தான் முப்பது வருஷமாக உழைத்திருக்கிறார். நான் அத்தனையையும் அழகாக மெழுகி மூடியிருந்தேன். ரயிலில் திரும்பிய கணவரைக் கூட்டிவர ரயில் ஜங்ஷனுக்குப் போனபோது, காரில் ஏறி அவர் பெல்ட் போடுவதற்குள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பத்து வருஷம் ஐ.டி.யில் குப்பை கொட்டியவர் கேட்ட ஒரே கேள்வி:

"பேக்கப் எடுத்தியா இல்லையா?"

ஒரு துறவி

கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று விடியும்வரை ஒரு எண்ணம் இருந்தது. அந்த அம்மாள் வாங்கிவைத்த மருந்து பாதிப் பாட்டில் இன்னும் என் மேஜையில் இருந்ததால் மனசு ஒப்பவில்லை. காலையில் போய், உட்காராமல், அத்தனையையும் சொன்னேன். மையால் எழுதியதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு ஒரு பழைய சுவடியின் படத்தை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. மடத்தில் பிரதி எடுத்த ஒரு துறவி, விடையில்லாதவற்றுக்கெல்லாம் தன் யூகத்தை எழுதிவைத்துவிட்டாராம். பின்னால் வந்தவர்கள் அதையே மூல விடை என்று நம்பிக் காப்பி அடித்திருக்கிறார்கள். எது யூகம், எது மூலம் என்று பிரிக்கவே இவருக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. படத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அவரும் உன்னைப் போல நல்ல மனசுக்காரர்தான்."

கடைசி வெள்ளிக்கிழமை

ஆறு மாதம் முடிந்தது. கடைசி வெள்ளிக்கிழமை டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், நாற்காலியில் போட்டிருந்த ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பைக்குள் திணித்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும், அழக்கூடாது.

பேராசிரியர் வந்தார். கையில் ஒரு படிவம். இன்னும் ஆறு மாதம் என்று போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. நான் செய்து வைத்த வேலைக்கு என்னை அனுப்புவதுதானே நியாயம் என்று கேட்டேவிட்டேன். அவர் எட்டுப் பெட்டிகளையும் காட்டினார்.

"உன்னை அனுப்பிவிட்டால், எது துறவியின் தப்பு, எது உன் தப்பு என்று எனக்கு யார் சொல்வார்கள்?"

ஆக, நான் எழுதிய முப்பத்தேழையும் அழித்து, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பதற்கு அமெரிக்காவில் ஆறு மாதம் உத்தியோகம் பார்த்தேன் என்றால், கோபியில் என்னோடு பரீட்சை எழுதிய ஒருத்தியும் இன்றுவரை நம்புவதில்லை.