புகை வளைந்த இடம்

ஓர் ஊதுபத்தியின் புகை நேராக மேலே போகாமல், ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் ரப்பர் குழாய் ஒன்றை நோக்கி வளைந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தேயிலை மலை நகரமான ஹட்டனில் நான் வேலை பார்த்த கராஜில், காலையில் சாமி படத்துக்குக் காட்டிய ஊதுபத்தியை உள்ளே நிற்கும் வண்டிகளுக்கும் ஒரு சுற்றுக் காட்டுவது வழக்கம். அன்று அதைப் பிடித்திருந்தவர் என் தங்கையின் கணவர்.

மச்சானை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அக்கரப்பத்தனையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை நான் மட்டுமே தொடுவேன். தலைமை மெக்கானிக்குக்கு உரிய பெரிய பாஸ் என்ற பெயரும் எனக்குத்தான்.

அந்த வாரம் ஒரு தோட்டத்து மேனேஜர் தொரையின் கார் வந்திருந்தது. என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையவில்லை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர், காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று காட்டியது. சென்சர்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு முறை புதிதாக மாற்றினேன். இரண்டு முறையும் கார் நானுஓயா போய்ச் சேர்வதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது.

மூன்றாம் முறை வந்தபோதுதான் புகை வளைந்தது. மச்சான் அந்த ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். மயிரிழை போல ஒரு வெடிப்பு.

“சென்சர் உண்மையத்தான் சொல்லியிருக்கு மச்சான். காத்து இந்த வழியா திருட்டுத்தனமா என்ஜினுக்குள்ள போகுது. நாமதான் நம்பல.”

‘நாம’ என்றார். அந்த மரியாதைகூட எனக்கு எரிந்தது.

“இனிமே சிக்கலான வண்டியெல்லாம் ஒங்க மச்சான்கிட்டயே குடுங்க பாஸ். ஒங்களுக்கு மெஷின் வேணும், அவருக்கு ஊதுபத்தி போதும்” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சான் புதுக் குழாய் மாட்டி, கிளிப்பை முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அந்தக் கிளிப்பைத் தளர்த்திவிட்டேன்.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தொரை கத்தினார். மச்சான் குனிந்து கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நான்தாங்க சரியா முறுக்கல” என்று முதலாளியிடம் சொன்னார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. வலப்பனையில் கடைசிவரை வேன் ஓட்டினார். பெரிய பாஸ் பட்டம் என்னிடமே தங்கியது.

போன மாதம் அவருடைய முதல் வருடத் திதி. தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை.

“அவருக்குத் தெரியும்ண்ணே. அன்னைக்கே சொன்னாரு. ‘ஒங்கண்ணன்கிட்ட கேட்டுறாத, கூசிப் போயிருவாரு’ன்னு.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான். வெடிப்பைக் கண்டுபிடித்தவரும் அவர், வெளியே தெரியாமல் மூடி வைத்தவரும் அவர்.

தங்கை அவர் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தினாள். புகை என் பக்கம் வளைந்தது. எதிரே ஜன்னல் திறந்திருந்தது, காற்று அடித்தது, அவ்வளவுதான். இருந்தும் நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.