பாஸ்கர் சார் பெயரில் வந்த மெசேஜ்

மேடவாக்கம் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் பஸ் நின்றிருந்தபோது எங்கள் கம்பெனி டெக்னீஷியன் போன் செய்தார். "அக்கா, பாஸ்கர் சார் போய்ட்டாருக்கா. காலைல நெஞ்சு வலின்னாராம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." நான் பஸ்ஸிலேயே அழுதேன். அலுவலகப் படி ஏறும்போது என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "வணக்கம், பாஸ்கர் பேசுகிறேன். உங்கள் ஃபில்டர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எப்போது வரட்டும்?"

என் வீட்டு வாட்டர் பியூரிஃபையரும் எங்கள் கம்பெனியுடையதுதான். மெசேஜ் அனுப்பியது சி.ஆர்.எம். என்று நாங்கள் சொல்லும் மென்பொருள். வாடிக்கையாளர் விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். வாசகம் மட்டும் பாஸ்கர் சார் எழுதி வைத்தது.

எங்கள் வாடிக்கையாளர்களான உங்களில் பலருக்குப் போனில் கேட்ட அவருடைய குரல்தான் தெரியும். அவர் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள் நான். சி.ஆர்.எம்.மில் எல்லோரும் "ஃபாலோ அப்" என்று ஒற்றை வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். அவர் மட்டும் உட்கார்ந்து தமிழில் எழுதுவார். "மதியம் குழந்தை தூங்கும், பெல் அடிக்காதே." சேலையூரில் ஒரு வீட்டுக்கு, "நாய் கடிக்காது, அம்மா கொஞ்சம் கடிப்பார்." டெக்னீஷியன்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

ஒருமுறை செம்பாக்கத்தில் இறந்துபோன ஒரு பெண்மணிக்கு எங்கள் சிஸ்டம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிவிட்டது. "செத்துப் போனவளுக்கு ஹாப்பி பர்த்டே சொல்றீங்களே, மனுஷங்கதானா நீங்க?" என்று அவர் கணவர் போனில் கத்தினார். பாஸ்கர் சார் அன்றே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்ததும் முதலாளியிடம் சண்டை. வாடிக்கையாளர் விலகியதற்கான காரணங்கள் என்று சிஸ்டத்தில் இருந்த பட்டியலில் விலை இருந்தது, வீடு மாறியது இருந்தது, சாவு இல்லை. "வேணாம்னு போனவங்களும் செத்துப் போனவங்களும் ஒண்ணா சார்?" என்றார். 'இறந்தவர்' என்று ஒரு ஆப்ஷன் சேர்க்கும்வரை அவர் விடவில்லை.

அப்படிப்பட்டவர் போன பிறகும் அவர் பெயரில் மெசேஜ் போய்க்கொண்டே இருந்தது. பெயரை எடுக்கச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றேன். "பேரு அப்படியே இருக்கட்டும்மா. பாஸ்கர்னு போனாதான் ஜனங்க ரினீவல் பண்றாங்க. அவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன், பலனில்லை. பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "பாஸ்கர் அண்ணா, தண்ணி ஒரே உப்பா கீது. வெள்ளிக்கிழமை வந்துடு அண்ணா." அதைக் கேட்டுவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

காரியம் முடிந்த சில நாட்களில் அவர் மனைவி அழைத்தார். அவர் வீட்டு மெஷினும் எங்களுடையதுதான் என்பது யாருக்குமே நினைவில் இல்லை. "அவர் போனுக்கே மெசேஜ் வந்திருக்கும்மா. பாஸ்கர் பேசுகிறேன், எப்போது வரட்டும்னு கேக்குது. பொண்ணு போனைக் கட்டிப்பிடிச்சு அழுறா. யாரும்மா இதை அனுப்புறது?"

போனை ஸ்பீக்கரில் போட்டு முதலாளி மேசை மேல் வைத்தேன். அந்த அம்மா இன்னொரு முறை கேட்டார். முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "எடுத்துடும்மா" என்றார்.

பெயரை எடுத்தேன். பிறகு வாடிக்கையாளர் பாஸ்கரின் பக்கத்தைத் திறந்து, அவரே சண்டை போட்டு வாங்கிய 'இறந்தவர்' ஆப்ஷனை அழுத்தினேன்.

இப்போது அவர் பார்த்த வீடுகளுக்கெல்லாம் நானே பேசுகிறேன். "பாஸ்கர் சார் தவறிட்டாருங்க" என்று சொன்ன பிறகுதான் ஃபில்டர் பேச்சு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, மெஷினுக்கு முன்னால் மனுஷரைப் பற்றிப் பேசும் இந்த வழக்கம்தான். கூடவே, என் போனுக்கு வந்த அந்த மெசேஜ். எப்போது வரட்டும் என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, பதில் எழுதவும் தெரியவில்லை.