இடி கேட்டும் இறங்காத ஆள்

1. முதல் ஹார்ன்

பினாங்குப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இடி இடித்தது. ஃபேக்டரி கட்டும் சைட் அது. நான் சேஃப்டி சூப்பர்வைசர். என் கையில் ஒரு கேஸ் ஹார்ன் கொடுத்திருந்தார்கள். தைப்பூசத்தில் பிள்ளைகள் வாங்கும் பீப்பி அளவுதான் இருக்கும். சத்தம் மட்டும் கப்பல் சத்தம். இடி காதில் விழுந்தால் அதை அடிக்க வேண்டும். அடித்ததும் கூரையில் இருப்பவர்கள், சாரத்தில் இருப்பவர்கள், கிரேன்காரர் எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஏற்கெனவே கட்டி முடித்திருந்த கான்கிரீட் ஆபீஸ் பிளாக்குக்குள் வந்துவிட வேண்டும்.

அடித்தேன். பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேர் பழைய எஸ்டேட்டில் வெட்டாமல் விட்டிருந்த செம்பனை மரங்களுக்கு அடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கினார்களாம். சுற்றிலும் வெட்டவெளி, அதில் தலை தூக்கி நிற்பது அந்த மரங்கள்தான். இடிக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது என்றால் இதுதான். நான் கத்திய கத்தலில் எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஆனால் அன்றைக்கே எனக்குப் பட்டப்பெயரும் விழுந்துவிட்டது: துவான் ஹுஜான். மலாயில் மழை ஐயா.

"பொறந்ததுலேருந்து இந்த ஊரு மழைய பாக்கறேன் அண்ணே. நம்மள இடி ஒண்ணும் செய்யாது லா," என்றார் லோரி ஓட்டும் கண்ணன். சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் எங்கோ ஓர் இடி இறங்கியது. "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று காதைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

2. அரை மணி நேரம்

ஹார்ன் அடிப்பது பெரிய காரியமில்லை. அடித்த பிறகு ஆட்களைப் பிடித்து வைப்பதுதான் பாடு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பினாங்கில் மழைக்காலம் மாறும் மாதங்களில் பிற்பகல் என்றாலே இடிதான். கூரை போடுகிறவர்களுக்குப் போட்ட தகட்டுக்குத்தான் கூலி. சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. அவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

புரொஜெக்ட் மேனேஜர் ஹாஜா, ஜார்ஜ் டவுன்காரர், தமிழ் முஸ்லிம். என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள்.

"அண்ணே, வானம் தெளிஞ்சிருச்சு பாருங்க. ஆளுங்கள விடுங்க லா."

"வானம் தெளிஞ்சா போதாது. சத்தம் நின்னு அரை மணி நேரம் ஆகணும்."

"எச்.கியூலேருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. நான் என்னன்னு சொல்றது? துவான் ஹுஜான் விட மாட்டேங்குறாருன்னா?"

"அப்படியே சொல்லுங்க."

ஆபீஸ் பிளாக் வாசலை ஒட்டி ஒரு பலகை பெஞ்ச் இருந்தது. நான் அதில் உட்காருவேன். மற்றவர்கள் உள்ளே தரையில் நெருக்கியடித்து உட்காருவார்களே தவிர, என் பெஞ்சுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். ஒரு தடவை ஒருவர் இடம் இல்லாமல் தயங்கி நின்றார். கையைக் காட்டிக் கூப்பிட்டேன். பார்க்காதது போல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

வேலை முடிந்து கடல் பாலம் தாண்டி, தீவுப் பக்கம் டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வருவேன். மனைவி போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பகலில் பேச விருப்பப்படாத ஆட்கள், இரவில் பேச ஆளே இல்லை. நாசி கண்டார் சோற்றுக் கடையில் "குழம்பு கொஞ்சம் கூட ஊத்துங்க" என்று சொன்னதைத் தவிர ஹார்ன் அடிக்காமல் வாய் திறக்காத நாட்களும் உண்டு. தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை.

3. கூரையில் ஒருவர்

கூரைக்காரர்களுக்குத் தலைவர் ஆ செங். ஹொக்கியன் சீனர், ஏறக்குறைய என் வயது. அவர் போட்ட தகட்டில் ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் ஹார்ன் அடித்தால் கடைசியாக இறங்குகிறவர் அவர்தான். பாசாருக்கு மீன் வாங்க வந்தவர் மாதிரி நிதானமாக நடந்து வருவார். ஒருநாள் அதட்டினேன். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். தமிழில் எழுதுகிறேன்.

"ஓடி வந்தா என்ன, கால் தேஞ்சிருமா?"

"இடிக்கு ஓடறவன் என்னமோ செஞ்சவன்னு அர்த்தம்," என்றார். திமிர் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெற்றவர்களைக் கைவிட்டவனை இடி தேடி வந்து அடிக்கும் என்பது சீனர்களில் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. நம் ஆட்கள் மட்டும் என்ன, கோபம் வந்தால் "உன் தலையில இடி விழ" என்று சொல்லாத வீடு உண்டா?

பிறகு ஆ செங் ஒரு வாரம் லீவில் போனார். திரும்பி வந்தபோது சட்டைக் கையில் ஒரு சின்னத் துணித் துண்டு குத்தியிருந்தது. வீட்டில் சாவு என்றால் சீனர்கள் அப்படிக் குத்துவார்கள், நூறாவது நாள் காரியம் முடிந்துதான் எடுப்பார்கள். டத்தோ கிராமாட்டில் என் பக்கத்து வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். துக்கம் விசாரித்தேன். "அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகல், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஹார்ன் அடித்தேன். தலை எண்ணினால் ஓர் ஆள் குறைந்தது. வாசலில் நின்று பார்த்தேன். கூரையின் உச்சியில், இரும்புத் தகட்டின் மேல், கைகளைத் தொங்கவிட்டபடி ஆ செங் நின்றுகொண்டிருந்தார். மழை இன்னும் பிடிக்கவில்லை. இடி நெருங்கிக்கொண்டிருந்தது.

கண்ணன் என் காதருகே வந்தார். "அண்ணே, அவங்கம்மா முதியோர் இல்லத்துல கெடந்து செத்துட்டாங்க. இவரு வேல வேலன்னு போய் பாக்கவே இல்லையாம். சாவு வீட்ல தங்கச்சிக்காரி எல்லாரு முன்னாலயும் சொல்லிருச்சு, ஒன்ன இடி தேடி வரும்னு."

ஹாஜா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே கால் வைத்தார். "நான் போய் இழுத்துக்கிட்டு வரேன்."

நான் குறுக்கே கையை நீட்டி மறித்தேன். "போனா ரெண்டு பேரு."

"அதுக்காக பாத்துக்கிட்டு நிக்கறதா?"

"ஆமா. நில்லுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, ஏறிப் போய்விடலாமா என்று எனக்கும்தான் இருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"ஆ செங், இறங்கு. கேக்குதா?"

இரைச்சல் வந்தது. பிறகு அவர் குரல். "கேக்குது. நீ கதவ சாத்திக்க, துவான் ஹுஜான். இது ஒன் வேல இல்ல."

"என் வேலையே இதுதான்."

"என் தங்கச்சி ஒண்ணு சொன்னா. அது நெசமா பொய்யான்னு தெரியணும். அடிச்சா அவ சொன்னது சரி. அடிக்கலன்னா நான் இன்னிக்காவது தூங்குவேன்."

இடி பாவம் பார்த்து அடிக்காது, உயரம் பார்த்துத்தான் அடிக்கும் என்று காலை மீட்டிங்கில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவரும் கேட்டவர்தான். அதையே மறுபடி சொல்லிப் பயனில்லை. அவர் சட்டைக் கைத் துணி ஞாபகம் வந்தது. என் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தை நான் தனியாக உட்கார்ந்து செய்ததும் ஞாபகம் வந்தது.

"ஆ செங், அம்மாவுக்கு நூறு நாள் ஆச்சா?"

"இல்ல."

"நூறாவது நாளு யாரு ஊதுபத்தி ஏத்தறது? ஒன் தங்கச்சியா?"

"மகன்தான் செய்யணும்."

"வேற மகன் இருக்கானா?"

மழை பிடித்துக்கொண்டது. மின்னலில் கூரை முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது, நடுவில் அவர். எனக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர்கூட அசையவில்லை.

"இல்ல," என்றார் கடைசியில்.

"அப்ப நூறு நாள் வரைக்கும் நீ சாகக் கூடாது. அதுக்கப்புறம் நாம பேசிக்கலாம். இப்ப எறங்கு."

அவர் திரும்பினார். சாரத்துப் படியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்ததும் ஓடத் தொடங்கினார். இடிக்கு என்றுமே ஓடாத மனிதர், அத்தனை பேரும் பார்க்க, சேற்றில் ஓடி வந்தார். உள்ளே வந்து, தரையில் இடம் இருந்தும் போகாமல், என் பெஞ்சில் உட்கார்ந்தார். தோள் குலுங்கி அழுதார். அன்று கூரையில் இடி விழவில்லை. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹாஜா சூடாகத் தே-ஓ, பால் ஊற்றாத தேநீர், கொண்டுவந்து கொடுத்தார். அந்த அரை மணி நேரத்தில் அவர் என்னிடம் ஆட்களை விடச் சொல்லவில்லை. பிறகு ஆ செங்கைக் கண்ணனோடு லோரியில் வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் பல வாரம் அவரைக் கூரையில் ஏற்றாமல் கீழேயே வேலைக்கு வைத்திருந்தார்.

4. நூறு நாள் கழித்து

ஒரு காலையில் ஆ செங்கின் சட்டைக் கையில் துணி இல்லை. என் பெஞ்சில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நூறு நாள் ஆச்சு. பேசிக்கலாம்னு சொன்னியே."

பேசினோம். அவர் அம்மாவைப் பற்றி, என் மனைவியைப் பற்றி. இடி இல்லாத நாளில் என் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹார்னை யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். அடித்தபின் வந்தவர்களை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், வராதவர் யார் என்று பாருங்கள். அவருக்குச் சட்டம் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவரை இறக்குவதற்குச் சட்டத்தைத் தவிர வேறு ஏதாவது அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாட்களிலேயே பேசியிருக்க வேண்டும். நான் கேட்டு வாங்கியிருந்தது 'அம்மா' என்ற ஒரே ஒரு வார்த்தை. அதிர்ஷ்டம், அது போதுமாக இருந்தது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த ஃபேக்டரி ஓடுகிறது. ஆட்கள் ஆளுக்கொரு சைட்டாகக் கலைந்துவிட்டார்கள். வீட்டில் பகலும் இரவும் ஒரே மாதிரிதான் போகிறது. ஆனால் கடல் பக்கம் கறுத்து இடி இடித்தால் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பினாங்கில் எந்தக் கூரையில் வேலையாக இருந்தாலும் ஆ செங் கூப்பிடுவார். நலம் விசாரிக்க மாட்டார், வேறு கதையும் இருக்காது.

"துவான் ஹுஜான், நான் எறங்கிட்டேன்," என்பார். வைத்துவிடுவார்.