மூன்று மொளிகள்

வெதுவெதுப்பான விளக்கெண்ணெயின் வாடை இன்னும் என் விரல்களில் இருப்பதாகவே தோன்றும். சின்னாளபட்டியில் எங்கள் நெசவாளர் தெருவில் யாருக்குச் சுளுக்குப் பிடித்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நானும் குமாரும் இரட்டைப் பிள்ளைகள்; இரட்டையாய்ப் பிறந்தவர்கள் உருவிவிட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. கிண்ணத்தைக் கண்டதும் குமார் தெருக்கோடிக்கு ஓடிவிடுவான் என்பதால் எல்லாக் கைகளும் என் மடிக்கே வந்து சேரும்.

வந்தவர்களைவிட அவர்களுடைய எலும்புகள்தான் எனக்குச் சுவாரசியம். தோளிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தால், முழங்கைக்குச் சற்று மேலே உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு எலும்பு முண்டுகள், எங்கள் பேச்சில் "மொளி"கள், தட்டுப்படும். மூன்றாவது பின்னால், நாம் மேசையில் ஊன்றும் இடத்தில். உள்மொளிக்குப் பின்னே அழுத்தினால் சுண்டுவிரல்வரை "கரண்ட்" அடிக்கும் என்பதால் அங்கே மட்டும் போகமாட்டேன். கையை நீட்டினால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும், மடக்கினால் முக்கோணமாகும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. அத்தனை கைகளைத் தடவியதில் விரலுக்கே தெரிந்துபோனது.

எனக்குப் பதினொரு வயதில், அப்பாவின் தங்கை ராஜேஸ்வரி அத்தை தண்ணீர்க் குடத்தோடு வாசற்படியில் வழுக்கி வலதுகையை ஊன்றி விழுந்தாள். தறியில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த கை அது. முழங்கை பாதி மடங்கியபடியே நின்றது. தொட்டேன். பக்கவாட்டு மொளிகள் இரண்டும் இடத்தில் இருந்தன. பின்மொளி மட்டும் விலகி மேலேறித் துருத்திக்கொண்டிருந்தது. இடதுகையையும் அதே அளவு மடக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். அங்கே அப்படியில்லை.

"இது சுளுக்கில்ல. நான் உருவ மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இம்புட்டுப் பேரு நிக்கிறாக, பெரிய டாக்டரு கணக்காப் பேசுற. செத்த நேரம் உருவி விடுடி," என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் கிண்ணத்தைத் தூக்கி எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினேன். உடனே எதிர்வீட்டுப் பெரியவர், "ஏலே குமாரு, நீயும் ரெட்டைதானே, வந்து உருவு," என்று அவனைப் பிடித்து இழுத்து வந்தார். குறுக்கே போய் நின்றேன். "தொட்டீன்னா கடிச்சுப்புடுவேன்," என்றேன். நான் கடிப்பேன் என்பது குமாருக்குத் தெரியும்.

கடைசியில் அத்தைதான் அப்பாவிடம் சொன்னாள்: "போயிருவோம்ண்ணே. புள்ள பயந்து சொல்லல, தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுது."

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் சரியாக அந்த மூன்று இடங்களில் வைத்தபோது எனக்கு வந்த திமிர் இன்னும் போகவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மூட்டு விலகியிருக்கு. உருவியிருந்தா நரம்பு போயிருக்கும்," என்றார். அன்றே மூட்டை இடத்தில் சேர்த்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்.

தெரு மட்டும் என்னை மன்னிக்கவில்லை. வந்தவரை மறுத்ததால் "கைராசி" போய்விட்டது என்றார்கள். அதன்பின் ஒரு கிண்ணம்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. போனால் போகட்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பெரியவர் இல்லை, அந்தச் சாக்கடைமேல் இப்போது சிமெண்டுச் சாலை. அத்தை இன்னும் தறியில் உட்காருகிறாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வலதுகையை நேராக நீட்டி, "தொட்டுப் பாருடி," என்பாள். கைராசி போன இந்தக் கையால்தான் தொட்டுப் பார்க்கிறேன். மூன்றும் வரிசையில் இருக்கின்றன.